ராமநாதபுரம் கடற்கரைச் சிறுதொழில்களும் அரசின் ஆராய்ச்சி நிதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன் வழியாக ஏர்வாடி, சாயல்குடி வரை கடற்பாசி, கருவாடு, கருப்பட்டி, படகுப் பட்டறை, மீன் வளர்ப்பு என்று தொழில் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. தொகைகளும் விதிகளும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் திட்டத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாவட்டத் தொழில் மையத்தில் தரும் மானியக் கடனும் அரசின் ஆராய்ச்சி நிதியும் ஒன்றுதானா?

இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், தமிழக அரசின் நீட்ஸ் போன்றவை தொழில் தொடங்குவதற்கானவை. வங்கி கடன் கொடுக்கும், அரசு அதில் ஒரு பங்கை மானியமாக ஏற்கும். ஐஸ் கட்டித் தொழிற்சாலை வைக்கப் போகிறேன், மாவு மில் வைக்கப் போகிறேன் என்றால் அங்கேதான் போக வேண்டும். அந்தத் தொழில் எப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

ஆராய்ச்சி நிதி இன்னும் யாருக்கும் விடை தெரியாத ஒன்றைச் செய்து பார்ப்பதற்கான பணம். செய்து பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில் வங்கி உள்ளே வராது, அதனால்தான் அரசு வருகிறது. இந்த வேறுபாடு பிடிபடாததால் நம் பக்கத்து விண்ணப்பங்கள் பல முதல் வாசிப்பிலேயே விழுந்துவிடுகின்றன. ஷெட், இயந்திரம், வண்டி என்று கேட்டிருப்பார்கள். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று ஒரு வரிகூட இருக்காது.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். விஞ்ஞானிகளுக்கு உரிய பணம் எனக்கு எப்படிக் கிடைக்கும்?

படிப்புச் சான்றிதழ் எல்லாத் திட்டங்களிலும் கட்டாயமில்லை. மத்திய அரசின் அறிவியல் தொழிலகத் துறை நடத்தும் பிரிசம் திட்டத்தில் தனிநபர் கண்டுபிடிப்பாளரே விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர்கள் பார்ப்பது, சொல்லும் வேலையை உங்கள் குழுவால் செய்ய முடியுமா என்பதைத்தான். அளவெடுக்கவும் சோதனை முடிவுகளைப் படிக்கவும் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும். அவர் கல்லூரி ஆசிரியராக இருக்கலாம், ஆய்வு நிலையத்தில் இருப்பவராக இருக்கலாம். கடலுக்குள் எந்த மாதம் எந்த நீரோட்டம், எந்தப் பாறையில் எந்தப் பாசி என்று தெரிந்தவர் நீங்கள். அந்த அறிவும் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தகுதிதான். வெட்கப்படாமல் எழுதுங்கள்.

எங்கள் தொழிலில் ஆராய்ச்சி என்று எதைச் சொல்வது?

பாசியையே எடுத்துக்கொள்வோம். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி நம் கடலில் பிறந்தது அல்ல. 1984-இல் ஜப்பானிலிருந்து விதை கொண்டுவந்து, குஜராத்தின் ஓகா கடலில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் பழக்கியது. பிறகு மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் உள்ளே வந்து, சுய உதவிக் குழுக்களோடு ஒப்பந்த முறையில் வளர்த்தது. 12-க்கு 12 அடி மிதவை, 45 நாளில் அறுவடை என்ற கணக்கு அப்படித்தான் நம் கரைக்கு வந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு தெரிந்த தொழிலாக இருப்பது, அரசுப் பணத்தில் பல ஆண்டுகள் நடந்த பரிசோதனையின் பலன்.

2013-க்குப் பின் கடல்நீர் சூடேறி, பாசி வெளுத்து, விதைகூட மிஞ்சாமல் போனதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூட்டைத் தாங்கும் விதையை எப்படிப் பிரித்து வைப்பது? கோடையில் மிதவையை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் பாசி பிழைக்கும்? வாடைக் காலத்தில் வடகடலிலிருந்து (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) விதையை மாற்றும்போது எவ்வளவு நேரம் தாங்கும்? இந்தக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு விண்ணப்பம்.

மற்றத் தொழில்களிலும் இப்படித்தான். பாசியை மணலில் காயப்போடாமல் வலைக்கட்டிலில் காயப்போட்டால், அதிலிருந்து எடுக்கும் கூழின் ஜெல் வலிமை (கட்டியாக உறையும் திறன்) கூடுமா குறையுமா என்பது ஆராய்ச்சி. நாட்டுப்படகின் ஐஸ் பெட்டிக்குத் தெர்மோகோலுக்குப் பதில் பனந்தும்பை அடைத்தால் ஐஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது ஆராய்ச்சி. உப்புக் காற்றில் வெளிப்பொருத்து இன்ஜின் உதிரிகள் துருப்பிடிப்பதைத் தள்ளிப்போடும் பூச்சும், மழைக்காலத்தில் கருப்பட்டி கசியாமல் இருக்கும் உறையும்கூட அப்படியே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பூஞ்சை பிடிக்காமல் உலர்த்தும் முறைக்கும் இதில் இடம் உண்டு.

சந்தையில் ஏற்கெனவே கிடைக்கும் சூரிய உலர்த்தியை வாங்கி வைப்பது ஆராய்ச்சி ஆகாது. அந்த உலர்த்தி நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஏன் தோற்கிறது என்று கண்டுபிடித்து மாற்றி அமைப்பது ஆராய்ச்சி.

எந்தத் திட்டத்தில் எவ்வளவு?

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வாசல் மாறும்.

யோசனை மட்டும் இருக்கிறது, சிறிய தொகையில் சரிபார்க்க வேண்டும் என்றால் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர் திட்டத்தைப் பாருங்கள். முதல் வகையில் 2 லட்சம் ரூபாய் வரை, அடுத்த வகையில் 5 லட்சம் வரை. நம் கடற்கரையில் முதன்முதலாக விண்ணப்பிப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. சின்னத் தொகையில் கணக்கு வைக்கப் பழகிவிடலாம், அடுத்த பெரிய விண்ணப்பத்துக்கு அதுவே சாட்சியாக நிற்கும்.

கையால் தொடக்கூடிய ஒரு மாதிரிப் பொருள் செய்ய வேண்டும் என்றால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' என்ற திட்டம், 10 லட்சம் வரை. வெறும் மென்பொருளுக்கு இது கிடையாது.

சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 மார்ச்சில் தொடங்கிய எம்எஸ்எம்இ இன்னொவேட்டிவ் திட்டத்தில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஏதேனும் ஒரு கல்வி நிறுவனம் அல்லது இன்குபேட்டர் (புதுத் தொழில்களுக்குக் கைகொடுத்து வளர்க்கும் மையம்) வழியாகத்தான் போக வேண்டும். காப்புரிமை, வணிகச் சின்னம், புவிசார் குறியீடு ஆகியவற்றுக்கான செலவை ஈடுகட்டவும் இதே திட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. இந்தியக் காப்புரிமைக்கு 1 லட்சம் வரை.

பாசி, நுண்ணுயிர், மீன் தீவனம், உயிர் உரம் என்று உயிரியல் சார்ந்த வேலையாக இருந்தால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் நிறுவனம் தரும் பிக் மானியம் பெரிய வாய்ப்பு. 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் அழைப்பு வெளியிடுவது அவர்களுடைய வழக்கம். போட்டி கடுமையானது. ஆய்வகத் தரவு கையில் இல்லாமல் இதற்குப் போகாதீர்கள்.

பதிவு செய்த ஸ்டார்ட்அப் என்றால், 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியின் விதிகளில் மாதிரி செய்யவும் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியம் உண்டு. விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு 2 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அந்தப் பணத்தில் கட்டடம், வசதி எதுவும் உருவாக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீடு திட்டம் கடந்த சுற்றுகளில் 10 லட்சமும், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கும் கிராமப்புற, பசுமைத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் 15 லட்சமும் தந்தது. பதிலுக்கு நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு வாங்கிக்கொள்வார்கள்.

மீனவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கும் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் பெரும்பாலும் தொழில் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும் மானியத் திட்டம்தான். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். இந்த மாவட்டத்தில் வளமாவூரில் அமையும் கடற்பாசிப் பூங்காவும் அதன் கீழ் வருவதுதான், மதிப்பு 127.71 கோடி. அதற்குள் புத்தாக்கத் திட்டங்களுக்கும் முன்னோட்டப் பரிசோதனைகளுக்கும் ஒரு பிரிவு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கம்பெனி பதிவு செய்தே ஆக வேண்டுமா?

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு முதலில். ஆதார், பான் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டுமென்றால் தனி உரிமையாளராக இருந்தால் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்ற ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கம்பெனி தொடங்கிவிடாதீர்கள். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று அதற்குத் தனிச் செலவு உண்டு. விதை நிதியின் 2 ஆண்டுக் கடிகாரமும் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். வவுச்சர், பிரயாஸ் போன்றவற்றில் முதல் பரிசோதனையை முடித்துவிட்டுக் கம்பெனி தொடங்குவது பலருக்குப் பொருந்தும்.

இங்கே பக்கத்தில் யார் உதவுவார்கள்?

இந்த விஷயத்தில் நம் கடற்கரை கொடுத்துவைத்தது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே 1971 வரை இங்கேதான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. கடல்விரால் குஞ்சுகளை இந்தியாவில் முதன்முதலாக 2010-இல் பொரித்தெடுத்த இடமும் இதுதான். பாசிக்கு, முன்பு சொன்ன உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் அதே மண்டபத்தில். துருப்பிடித்தல், பூச்சு, மின்கலம் என்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உலோகங்களைக் கடல் காற்றில் வைத்துச் சோதிக்க அவர்களுக்கும் மண்டபத்தில் ஒரு பிரிவு உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இயங்குகிறது. கருவாடு, மீன் பதனம் என்றால் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் தொழில்முனைவோருக்கென்றே இன்குபேட்டர் வைத்திருக்கிறது. விளைபொருளுக்கு மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் நபார்டு ஆதரவுடன் ஓர் இன்குபேட்டர் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், அந்த வாசல்களைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், உள்ளே நுழைகிறவர்கள் குறைவு. இந்த நிலையங்களில் கட்டணம் செலுத்திப் பொருளைப் பரிசோதிக்கலாம், தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று வாங்கலாம், கூட்டாக விண்ணப்பிக்கலாம். இயக்குநருக்கோ நிலையத் தலைவருக்கோ ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன தொழில், என்ன சிக்கல், என்ன சோதிக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். அவர்கள் எழுத்தில் தரும் இசைவுக் கடிதம் விண்ணப்பத்துக்குப் பெரிய பலம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

முன்பு சொன்ன பாசி உலர்த்தும் யோசனையையே வைத்துப் பார்ப்போம். "கடலோரப் பெண்களின் வாழ்வாதாரத்தை உயர்த்த நவீன உலர்த்தும் மையம் அமைக்கப்படும்" என்று தொடங்கினால் மதிப்பீட்டாளர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இதே கருத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "மரிக்கொழுந்துப் பாசியை மணலில் காயவைப்பதால் மணலும் உப்பும் சேர்ந்து வியாபாரி எடையில் கழிக்கிறார். தரையிலிருந்து மூன்றடி உயர வலைக்கட்டிலில் காயவைத்தால் மணல் சேராது. ஆனால் வேகமாகக் காய்ந்தால் பாசியிலிருந்து எடுக்கும் அகார் கூழின் ஜெல் வலிமை பாதிக்கப்படுமா என்பது தெரியவில்லை. மூன்று உயரங்களில், இரண்டு பருவங்களில் காயவைத்து, ஈரப்பதத்தையும் ஜெல் வலிமையையும் ஆய்வகத்தில் அளப்போம். வலிமை குறையாமல் மணல் பாதியாகக் குறைந்தால் வெற்றி என்று கொள்வோம்."

இதில் அழகான சொல் ஒன்றுமில்லை. சிக்கல் இருக்கிறது, தெரியாதது எது என்று இருக்கிறது, எப்படி அளப்பீர்கள் என்று இருக்கிறது, எதை வெற்றி என்பீர்கள் என்றும் இருக்கிறது. யாருக்கு விற்பீர்கள் என்ற பத்தியையும் சேர்த்து, வாங்கத் தயாராக இருக்கும் ஒரு வியாபாரியின் கடிதத்தை இணைத்தால் பாதி வேலை முடிந்தாயிற்று.

கால அட்டவணையில் கடலை மறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வைத்துச் செய்யும் சோதனை எதுவும் நடக்காது. அக்டோபரிலிருந்து வாடை, வடகடலில் மிதவை நிற்காது. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். டெல்லியில் இருந்து படிப்பவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று ஒப்புக்கொண்டு, அதில் நான்கு மாதம் கடலில் இறங்க முடியாமல் போனால் அடுத்த தவணை நின்றுவிடும்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

மத்திய அரசுத் திட்டங்களில் நடைமுறையில் ஆம். முதலில் தமிழில் முழுதாக எழுதிவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். முதலிலேயே ஆங்கிலத்தில் யாரோ எழுதித் தந்தால், நேர்காணலில் உங்கள் திட்டத்தைப் பற்றி உங்களிடமே கேட்கும்போது பதில் வராது.

பணம் மொத்தமாக வருமா?

வராது. தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் ஓர் இலக்கு எழுதியிருப்பார்கள், அதை எட்டியதைக் காட்டினால் அடுத்தது. இதற்கென்று தனி வங்கிக் கணக்கு கேட்பார்கள். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பொருள் வாங்கும்போது விலைப்புள்ளிகளும் பில்லும் கட்டாயம். மூங்கிலும் கயிறும் சந்தையில் பில் இல்லாமல் வாங்கித்தான் நமக்குப் பழக்கம், அந்தப் பழக்கத்தை இந்தப் பணத்தோடு சேர்க்கக் கூடாது. அரசுப் பணத்தில் வாங்கிய கருவியை அனுமதியில்லாமல் விற்கவும் முடியாது.

தவணைகள் தாமதமாகும். அதை நம்பிக் கந்து வட்டிக்கு வாங்கி வேலையைத் தொடராதீர்கள். வருமான வரி எப்படி வரும் என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பரிசோதனை தோற்றுவிட்டால் திருப்பித் தர வேண்டுமா?

மானியம் என்றால், ஒப்புக்கொண்ட வேலையை நேர்மையாகச் செய்து, கணக்கும் காட்டியிருந்தால் வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் தொகையை, வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியோடு திருப்ப வேண்டும். "மூன்றடி உயரத்தில் ஜெல் வலிமை குறைந்தது" என்பதும் ஒரு முடிவுதான், அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். கடனாகவோ கடன் பத்திரமாகவோ தரும் பகுதிக்கு விதி வேறு. கையெழுத்திடும் முன் எது மானியம், எது கடன் என்று தெளிவாகக் கேளுங்கள்.

கடல் அட்டை வளர்ப்பு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாமா?

2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், ஜாமீன் கிடைப்பதே கடினம். குஞ்சு பொரிப்பு ஆய்வை அரசு நிறுவனங்கள் அனுமதி பெற்றுச் செய்திருக்கின்றன, தனிச் சிறுதொழிலுக்கு அந்த வழி திறக்கவில்லை. "ஆராய்ச்சிக்காக" என்று யாராவது வாங்கித் தரச் சொன்னால் விலகிவிடுங்கள்.

வேறு என்ன அனுமதிகள் தேவைப்படும்?

தென்கடலின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. அதற்குள் எந்தச் சோதனைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். குருசடை தீவில் கப்பாபைகஸ் பவளப்பாறை மேல் படர்ந்து அதை மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே வெளியூர் இனம் எதையும் கடலில் விடும் யோசனை இருந்தால், அது தப்பிப் பரவாமல் எப்படித் தடுப்பீர்கள் என்பதற்கும் விண்ணப்பத்தில் பதில் வேண்டும். பவளம் செத்தால் மீன் குறையும், அடிபடுவது நம் ஊர்க்காரர்களே. கரையில் கட்டுமானம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

பெரும்பாலான மானியத் திட்டங்களில் கண்டுபிடித்தவருக்கே. ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து செய்தால் பங்கு எப்படி என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால், கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டும் முன் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பைச் சொல்லும் முதல்கட்ட ஆவணம்) காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிட வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம். பாசி போன்ற உயிர்வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்பவர்கள் சென்னை தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் அணுக வேண்டியிருக்கும்.

எங்கள் குழுவில் எல்லோரும் பாசி எடுக்கும் பெண்கள். நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

சுய உதவிக் குழுவாக மட்டும் இருந்தால் பல திட்டங்களில் இடமில்லை. குழுவிலிருந்து சிலர் சேர்ந்து எல்எல்பி தொடங்கலாம், அல்லது உற்பத்தியாளர் நிறுவனமாகலாம். வெளியூர் ஸ்டார்ட்அப் ஒன்று உங்களைக் கூட்டாளியாகச் சேர்க்க வருவதும் உண்டு. அப்போது புகைப்படத்துக்கு நிற்பதோடு ஒப்புக்கொள்ளாதீர்கள். விதை எடுப்பது, கட்டுவது, காயவைப்பது, எந்த நாளில் அறுப்பது என்று சொல்வது எல்லாம் நீங்கள். அந்த உழைப்புக்குத் தினக்கூலி எவ்வளவு, பொருள் விற்றால் பங்கு எவ்வளவு என்பதைத் திட்ட அறிக்கையின் வரவு செலவிலேயே போடச் சொல்லுங்கள். பணம் வந்த பிறகு கேட்டால் சேர்க்க இடமிருக்காது.

ஒருவர் 10 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

கூடாது. விதை நிதிக்கும் பிக் மானியத்துக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. எழுதித் தருவதற்கு நியாயமான கூலி கொடுப்பது வேறு, கிடைக்கும் தொகையில் பங்கு கொடுப்பது வேறு. அந்தப் பங்கை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது. கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழில் பொய் எழுத வேண்டி வரும், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

வெளிநாடுகளில் இது எப்படி?

அமெரிக்காவில் 1982-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆய்வுக்காக வெளியே தரும் தொகை 10 கோடி டாலரைத் தாண்டும் மத்தியத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பங்கு படிப்படியாக ஏறி 3.2 சதவீதமானது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் சிறுதொழில்களுக்கென ஒரு ஆய்வு நிதித் திட்டம் தொடங்கியது, பிற திட்டங்கள் பின்னால் வந்தன. கட்டாய ஒதுக்கீடு மட்டும் இல்லை. மத்திய அரசுத் துறைகள் வாங்கும் பொருள்களில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்முதலுக்கு விதி இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும், அதில் கடலோர மாவட்டங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும். மீனவர் சங்கங்கள் டீசல் மானியத்தோடு இதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள். மறுபடி போகலாமா?

போகலாம். மதிப்பீட்டாளர் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். "புதுமை இல்லை" என்றிருந்தால், தெரியாதது எது என்ற பத்தி சரியாக வரவில்லை என்று பொருள், அதைத் திருத்தி எழுதுங்கள். "தரவு போதாது" என்றிருந்தால் ஆய்வு நிலையத்தில் ஒரு சோதனையைக் கட்டணம் கொடுத்துச் செய்து, முடிவை இணைத்து அடுத்த அழைப்புக்கு அனுப்புங்கள். "இந்தத் திட்டத்துக்குப் பொருந்தாது" என்றால் வேலையில் குறையில்லை, வேறு வாசலைப் பாருங்கள்.